பூவரசங்கம்பின் இரண்டாம் துளிர்

என் மகனே,

உன் கடிதம் போன வாரமே வந்தது. எல்லோரும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு மூன்று பக்கத்துக்கு மென்று விழுங்கியிருக்கிறாய். உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது; அதனால் நன்றாகக் கோபப்பட்டுப் படிக்கக்கூட முடியவில்லை. சுற்றி வளைத்து நீ சொல்ல வந்தது இவ்வளவுதான். திருத்தங்கலில் அச்சாபீஸ் போட நீ வாடகைக்குப் பிடித்த கொட்டகை பூட்டியே கிடக்கிறது. மதுரையிலிருந்து வந்திறங்கிய மிஷின், சுற்றிய சாக்கைக்கூடப் பிரிக்காமல் அதற்குள் கிடக்கிறது. நீ இன்னும் சாத்தூரில் உன் அண்ணனுடைய தீப்பெட்டி ஆபீசிலேயே லேபிளையும் ஆர்டரையும் பார்த்துக்கொண்டிருக்கிறாய். "அண்ணன் முகம் வாடிப்போகிறது, அம்மா. இந்த சீசன் போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வருஷமும் உன் அண்ணனுக்கு முகம் இருக்கும். அது அப்போதும் வாடத்தான் செய்யும்.

பிள்ளைகளைப் பார்த்துச் சேர்ந்தே இருங்கள் என்று சொல்வதுதான் தாய்க்கு அழகு என்று நம் பக்கத்தில் நினைக்கிறார்கள். நான் அந்த அழகுக்கு ஆசைப்படவில்லை. போ என்று சொல்கிறேன். உன் அண்ணன் கெட்டவன் என்பதால் அல்ல; அவன் தங்கமான பிள்ளை, உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவன். போன மாசம் இருக்கன்குடிக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனோமே, அங்கே நான் பார்த்ததைச் சொல்கிறேன். உன் பிள்ளை ராட்டினத்தைப் பார்த்துக் கையை நீட்டி அழுதான். நீ அவனைத் தூக்குவதற்கு முன்னால் உன் அண்ணன் முகத்தைப் பார்த்தாய். அவன் தலையை ஆட்டிய பிறகுதான் பிள்ளையைத் தூக்கினாய். உன் பெண்டாட்டி அதைப் பார்த்தாள்; பார்த்துவிட்டு அடுப்பை ஊதுகிற மாதிரி குனிந்துகொண்டாள். நானும் பார்த்தேன். பொங்கலில் வெல்லம் போதாது என்று அன்றைக்கு நான் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேனே, அது வெல்லத்துக்காக இல்லை.

உனக்கு ஒரு கதை சொல்லவேண்டும். நம் கிணற்றடியில் நிற்கிற பூவரசு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. அது நடந்தபோது நீ சாத்தூரில் உன் மாமா வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். விடுமுறைக்கு வந்தபோது மரம் நின்றது, நிழலில் விளையாடினாய், அவ்வளவுதான். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அதெல்லாம் இப்ப எதுக்கு எழுதுத?" என்கிறார். எழுதத்தான் போகிறேன். அந்தக் கதையில் அவர்தான் பெரிய ஆள், அது அவருக்கே தெரியாது.

உன் அப்பாவும் உன் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டது வெள்ளைக்காரன் போன பிறகு நாலைந்து வருஷம் கழித்து. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. குடும்பம் பெருத்துவிட்டது, வீடு போதவில்லை. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்து நிலத்தையும் மாட்டையும் பிரித்துக் கொடுத்தார்கள். கடைசியாக வீட்டு முற்றத்தை இரண்டாக்கக் கயிறு பிடித்தார்கள். கயிறு நேராகப் போய் முற்றத்துப் பூவரச மரத்தின் நடுவில் முட்டியது. மரம் யாருக்கு? அங்கேதான் இந்தக் குடும்பத்து ஆண்பிள்ளைகள் செய்யக்கூடிய வேலையைச் செய்தார்கள். "தம்பியே வச்சுக்கிடட்டும்" என்றார் உன் பெரியப்பா. "வேண்டாம்ணே, நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார் உன் அப்பா. "நான் மூத்தவன், நான் எடுத்தா நல்லாவா இருக்கும்?" "நான் சின்னவன், உங்களுக்கு இல்லாம நான் எடுக்கவா?" ஒருவர் பெருமைக்காக விட்டுக்கொடுக்கிறார், இன்னொருவர் பயத்தில் விட்டுக்கொடுக்கிறார். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. வந்த பெரியவர்களில் ஒருவர், "எம்புட்டு நேரந்தான்ய்யா இங்கனயே நிக்கிறது? சுவரை மரத்துல கொண்டாந்து முட்டி நிறுத்துங்க, மரம் பாட்டுக்கு நடுவுல நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அப்படியே கட்டினார்கள். இந்தப் பக்கம் ஒரு மண்சுவர், அந்தப் பக்கம் ஒரு மண்சுவர், நடுவில் கதவு மாதிரி ஒரு மரம். அந்தப் பக்கத்தில் கிளம்பிய கிளை அவர்களுக்கு, இந்தப் பக்கத்தில் கிளம்பியது நமக்கு என்று பேச்சு. மரத்துக்கு இந்தப் பேச்சு தெரியுமா? அது பருத்துப் பருத்து வருஷா வருஷம் இரண்டு சுவரையும் விரிசல் விடவைத்துக்கொண்டிருந்தது. நாங்களும் வருஷா வருஷம் மண் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தோம்.

பாகம் பிரிந்ததே தவிர உன் அப்பா பிரியவில்லை. விதைப்பு என்றைக்கு என்று அண்ணனைக் கேட்பார். எந்தக் கமிஷன் கடைக்குப் பருத்தி போடுவது என்று அண்ணனைக் கேட்பார். காளைக்கு லாடம் கட்டவும் அண்ணனைக் கேட்பார். கேட்டு வந்து என்னிடம் சொல்லும்போது அது தன் யோசனை மாதிரி சொல்வார். நான் சிரிக்காமல் கேட்டுக்கொள்வேன். (இதைப் படித்துக்காட்டினேன். "அப்படியெல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறார்.) உன் பெரியப்பாவையும் குறை சொல்லமுடியாது. கேட்டால் சொல்கிறார், அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடும். அதுதான் தொந்தரவே.

ஒரு ஆடி மாசம். நம் பக்கத்துக் காற்று உனக்குத் தெரியும், கூரையை விட்டுவைத்தால் பெரிய விஷயம். மத்தியானம் படார் என்று ஒரு சத்தம். பூவரசின் கிளை ஒன்று முறிந்து நம் கோழிக்கூட்டின் மேல் விழுந்து கிடந்தது. விழுந்தது நம் முற்றத்தில். ஆனால் கிளை கிளம்பிய இடம் சுவருக்கு அந்தப் பக்கம். சுவருக்கு மேலிருந்து உன் பெரியப்பா எட்டிப் பார்த்தார். "அப்படியே கெடக்கட்டும். நுகத்தடிக்கு ஆகும், ஆளை அனுப்புதேன்" என்றார். ஆள் அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. உழவு வேலையா, வண்டி வேலையா, என்னவோ. உன் அப்பா அந்தக் கிளையை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். நசுங்கிய கூட்டுக்குள் கோழிகள் கத்துகின்றன, கிளையை நகர்த்தக்கூடாது. இலை வாடிச் சுருண்டது. ஆடு வந்து கடித்துப் போனது. நான் அடுப்புக்கும் முற்றத்துக்கும் நடந்து நடந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை. உயிரோடு இருக்கிற ஒன்றைக் கிடந்தே சாகட்டும் என்று பார்த்துக்கொண்டு இருக்கிறோமே என்று எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஆத்திரம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

உன் அப்பா வயலுக்குப் போன நேரம் பார்த்து ஆசாரி வீட்டில் கைரம்பம் வாங்கி வந்தேன். முறிந்த இடம் நார் நாராகத் தொங்கியது. அதை வைத்து நட்டால் அழுகிவிடும். நடுவில் நேராக, என் கை மணிக்கட்டுத் தடிமனுக்கு இருந்த இடத்தில் சரிவாக அறுத்து, ஆள் உயரத்துக்கு இரண்டு கம்பு எடுத்தேன். இலையெல்லாம் கழித்தேன். இலையைக் கழித்த பிறகு எது தலை எது கால் என்று தெரியாமல் ஒரு நிமிஷம் முழித்தேன். நல்லவேளை, கணு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடித்தேன். கொண்டுபோய் நம் பங்குக்கு வந்த கிணற்றடி நிலத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுத்து, கரிசல் மண்ணோடு ஓடை மணலைக் கலந்து நட்டேன். வெட்டிய தலைப்பில் சாணி உருண்டை வைத்தேன். வீட்டு முற்றத்தில் ஏன் நடவில்லை என்று கேட்பாய். அங்கே பெரிய மரத்தின் நிழல். அதன் அடியில் எதை வைத்தாலும் கால் ஊன்றாது.

ஒரு கம்பை நானே கொன்றேன். ஆடி வெயிலுக்குப் பாவம் என்று அதற்கு மட்டும் தினமும் ஒரு குடம் ஊற்றினேன். அது கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தது, ஊற்றுவது சுலபமாக இருந்தது. கரிசல் மண் தண்ணீரை விடாது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் ஊற்றினேன். அடி கூழாகிவிட்டது. தூரத்தில் இருந்ததற்கு நினைத்தபோதுதான் தண்ணீர் கிடைத்தது. அது பிழைத்துக்கொண்டது. ஒரு பதினைந்து இருபது நாளில் கணுவுக்குக் கணு மொட்டு முட்டி, இளம்பச்சையாக இலை விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குள் உன் பெரியப்பா ஆளை அனுப்பிக் கிளையை எடுத்துப்போயிருந்தார். ஆசாரி நுகத்தடிக்கு அளவு எடுக்கும்போதுதான் நடுவில் நல்ல பாகம் இல்லை என்று தெரிந்திருக்கிறது. நேராகக் கிணற்றடிக்கு வந்துவிட்டார். உன் அப்பா காளைகளைப் பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நான் வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்தேன். உன் பெரியப்பாவிடம் நான் நேருக்கு நேர் பேசமாட்டேன். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. சொல்லவேண்டியது இருந்தால் குடத்தைப் பார்த்தோ ஆட்டைப் பார்த்தோ சொல்வேன், அவர் காதில் விழும்.

"ஏலே, கெளை பூராவும் வந்துச்சு, நடுக்கம்பு எங்கலே?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், இலை விட்டு நின்ற கம்பைப் பார்த்துவிட்டார். நான் அரிவாளைப் பார்த்து, "அதை நட்டது..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் உன் அப்பா காளைகளை நிறுத்திவிட்டு முன்னால் வந்தார்.

"நாந்தாண்ணே நட்டேன்."

எனக்குக் கையில் பிடித்த புல் நழுவிவிட்டது. அந்த மனிதர் அந்தக் கம்பைத் தொட்டதுகூட இல்லை. நான் நட்டேன் என்று சொன்ன அன்றைக்கு இரவெல்லாம், அண்ணனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று புரண்டு புரண்டு படுத்தவர்.

"நீயா? நீ எப்பலே மரம் நட்ட?"

"இப்பத்தாண்ணே."

"யாரைக் கேட்டு நட்ட?"

உன் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். "யாரையும் கேக்கலண்ணே" என்றார்.

உன் பெரியப்பா கம்பில் கையை வைத்தார். பிடுங்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பிடுங்கினால் அவருக்கு ஒரு நிமிஷ வேலை. ஆனால் துளிர்த்து நிற்கிற ஒன்றைப் பிடுங்க விவசாயி எவனுக்கும் கை வராது, அவருக்கும் வரவில்லை. கம்பை லேசாக அசைத்துப் பார்த்துவிட்டு, "ஆடுது. ஆடுனா வேரு புடிக்காது. முட்டுக் குடுத்து, தேங்கா நார்க் கயிறு வச்சுக் கட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நுகத்தடியைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை. உன் அப்பா முட்டுக் கொடுத்துக் கட்டினார். ஆனால் தேங்காய் நார்க் கயிறு வீட்டில் இருந்தும் பனைநாரில் கட்டினார். அன்றைக்கு அவருக்கு நான் முட்டை பொரித்து வைத்தேன். உடைந்த கூட்டுக்குள் அந்தக் கோழிகள் இடுவதை நிறுத்தியிருந்த சமயம். மேலத்தெருவில் போய் வாங்கி வந்தேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்கமாட்டேன். புரட்டாசி வந்தது. மழை இல்லை. கம்பின் இலை ஒவ்வொன்றாக வாடி, பழுத்து, எல்லாமே உதிர்ந்துவிட்டது. சாணி உருண்டை காய்ந்து வெடித்து, வெறும் குச்சி நின்றது. உன் பெரியம்மா கிணற்றுக்கு வந்தவள், "என்ன தாயி, கம்பு பட்டுப்போச்சாமே" என்றாள். அவள் வருத்தமாகத்தான் கேட்டாள். உன் அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "அண்ணன் மனசு நொந்துருப்பாக. அதான் பட்டுப்போச்சு" என்று சோறு இறங்காமல் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் குளித்து, திருநீறு பூசி, வெளுத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். "அண்ணன்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு, இந்த வருஷத்துல இருந்து ரெண்டு பங்கையும் ஒன்னாவே வெள்ளாமை பண்ணுவோம்னு சொல்லப் போறேன். பிரிஞ்சது போதும்" என்றார். நான் வாசலில் நின்றேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவரை மறித்து நின்றது அந்த ஒரு தடவைதான்.

"கம்பு பட்டுப்போச்சான்னு பாத்துட்டுப் போங்க. பட்டுப்போயிருந்தா நானும் உங்க கூட வாரேன்" என்றேன். கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். பிடுங்கிப் பார்க்கக் கையை நீட்டினார்; கையைத் தட்டிவிட்டேன். நகத்தால் அடிப்பட்டையை லேசாகச் சுரண்டிக் காட்டினேன். உள்ளே பச்சை, ஈரம். "எலையெல்லாம் கொட்டிருச்சே" என்றார். முதலில் வந்த இலை தாய் மரத்துச் சத்தில் வந்தது என்று சொன்னேன். வழிக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு மாதிரி அது. தண்டுக்குள் இருந்ததைத் தின்று துளிர்த்தது, அது தீர்ந்துவிட்டது. இனிமேல் அது கீழே தேடவேண்டும், தேடுகிற சமயத்தில் மேலே காட்ட அதனிடம் ஒன்றும் இருக்காது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிறந்த வீட்டில் வேலிக்குக் கிளுவைக் கம்பு ஊன்றி ஊன்றி, முதல் துளிரை நம்பி ஏமாந்து தெரிந்துகொண்டது. அவர் நான் சுரண்டிய இடத்தைத் தானும் தொட்டுப் பார்த்தார். பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கரிசல் வெடித்துக் கம்பைச் சுற்றி வாய் பிளந்திருந்ததே, அந்த வெடிப்பிலெல்லாம் மணலைக் கொட்டி அடைத்தார். வெடிப்பு விரிந்தால் இளவேர் அறுந்துபோகும். அன்றைக்கு அவர் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டாவது துளிர் முதலில் வந்த மாதிரி பளபளவென்று வரவில்லை. சின்னதாக, கருத்த பச்சையாக, ஒரு கணுவில் மட்டும் வந்தது. உன் அப்பாதான் முதலில் பார்த்தார். வீட்டுக்கு வந்து கைகால் கழுவினார். "நாளைக்கு விதைக்கப் போறேன், வெதைப்பருத்தியை எடுத்து வை" என்றார். அண்ணனைக் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. அந்த வருஷம் பருத்தி வீட்டை நிரப்பிவிட்டது என்று நினைக்காதே. காய்ப்புழு விழுந்தது, பாதிக்குப் பாதிதான் தேறியது. ஆனாலும் அவர் துண்டை வெளுத்துப் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்கக் கிளம்பவில்லை. அடுத்த வருஷம் மிளகாய் போட்டார், பிழைத்தோம். அதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது இன்னொன்று. அதற்குப் பிறகுதான் உன் பெரியப்பாவும் அவரும் அண்ணன் தம்பியாகப் பேசிக்கொண்டார்கள். அதுவரை ஒருவர் கேட்பார், இன்னொருவர் சொல்வார்; அவ்வளவுதான் இருந்தது. அதற்குப் பிறகு சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் விலையைப் பற்றியும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். உன் பெரியப்பா தோற்றுப்போன நாளில் என்னிடம் மோர் கேட்டுக் குடித்துவிட்டுப் போகிறார். இப்போது குடத்தைப் பார்த்துப் பேசுவதெல்லாம் இல்லை, முகத்தைப் பார்த்தே பேசுகிறேன்.

இப்போது உன் விஷயம். போன திங்கட்கிழமை உனக்குச் சொல்லாமல் சாத்தூருக்குப் போய் உன் அண்ணனைப் பார்த்தேன். நீ லேபிள் விஷயமாகச் சிவகாசிக்குப் போயிருந்த சமயம் பார்த்துத்தான் போனேன். அவன் எனக்குக் காப்பி வாங்கித் தந்தான். "அவனுக்கு நான் என்னம்மா குறை வச்சேன்?" என்று கேட்டான். "ஒரு குறையும் வைக்கலய்யா. அவனுக்குப் பசிக்கிறதுக்கு முன்னாடி சோறு போட்டுருத. பசின்னா என்னன்னு அவனுக்குத் தெரியணும்ல" என்றேன். ஊர் என்ன சொல்லும் என்றான். ஊர் நாலு நாள் சொல்லிவிட்டு வேறு வீட்டுக் கதைக்குப் போய்விடும் என்றேன். பிறகு மெதுவாக, "அவன் விழுந்துட்டான்னா என்னம்மா செய்ய?" என்றான். அவன் முகம் வாடுகிறது என்று எழுதினாயே, அது இதுதான். உன் மேல் கோபம் இல்லை, பயம். உன்னைத் தோளில் தூக்கிப் போகும்போது ஒருமுறை கீழே போட்டுவிட்டான். அந்தப் பயம் இன்னும் அவனுக்கு இருக்கிறது. "விழட்டும். நீ தூக்கப் போகாத. அவனே எந்திரிச்சு வருவான்" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, நம்ம லேபிள் ஆர்டர் பூராவும் இனிமே அவனுக்கே குடுத்துருதேன்" என்றான். "ஒரு சீசனுக்குக் குடு. அடுத்த சீசன் நிறுத்திரு" என்றேன். "நீ பெத்த தாய்தானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். சிரித்தான் என்பதை நன்றாகப் படித்துக்கொள்.

ஆகவே உனக்கு முதல் சீசன் நன்றாகத்தான் போகும். மிஷின் ராப்பகலாக ஓடும். உன் மாமனார் வீட்டில் உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். அதைப் பார்த்து இன்னொரு மிஷினுக்குச் சொல்லிவிடாதே. அது அண்ணன் கட்டிக்கொடுத்த சோறு. அடுத்த சீசனில் அது நின்றுபோகும். மிஷின் சும்மா நிற்கும், நீ கையைப் பிசைந்துகொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாய். பார்க்கிறவர்கள் பாவப்பட்டு விசாரிப்பார்கள். உன் பெரியம்மாவைப் போல அவர்களும் நல்ல மனசோடுதான் விசாரிப்பார்கள். அன்றைக்கு நீ வெளுத்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு சாத்தூர் பஸ் ஏறப் பார்ப்பாய். ஏறாதே. முன்பின் தெரியாத யாராவது ஒருவர் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கோ, கடை நோட்டீசுக்கோ உன்னைத் தேடி வருவார். அது சின்ன வேலையாக இருக்கும். அதை நீ எந்த முகத்தோடு வாங்கிச் செய்கிறாய் என்பதில்தான் உன் பிழைப்பு இருக்கிறது. வருவாரா என்று சந்தேகப்படாதே. உன் கையில் வேலை இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். உன் அண்ணன் பெட்டியில் இருக்கிற லேபிளில் எது நீ வரைந்தது என்று சாத்தூர்க் கடைவீதியில் எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

போவதை அரைகுறையாகப் போகாதே. சாவி, கணக்கு, மை டப்பா வரைக்கும் ஒப்படைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. ஒரு காலை அங்கே வைத்துக்கொண்டு ஒரு காலை இங்கே வைக்கிற யோசனை உனக்கு இருக்கிறது. காலையில் தீப்பெட்டி ஆபீஸ், சாயங்காலம் அச்சாபீஸ் என்று நீ எழுதியிருப்பது அதுதான். வேண்டாம். தினமும் போய் அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவனிடம் ஒப்பிக்காதே; மாசத்துக்கு ஒருமுறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு வா. உன் பெண்டாட்டியைக் கேட்டுக் காரியம் செய். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி, என்னைவிட வாய் குறைவு. என்னையும் கொஞ்சம் தள்ளியே வை. நான் அரிசி மூட்டை அனுப்புவேன், யோசனை அனுப்புவேன், ஒவ்வொரு வாரமும் வந்து எப்படி இருக்கிறாய் என்று பார்ப்பேன். முதல் மூட்டையை வாங்கிக்கொள். இரண்டாவதைத் திருப்பி அனுப்பு. எனக்குக் கோபம் வரும், வந்தால் வரட்டும்.

வரும் வியாழக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. காலை முதல் பஸ்ஸில் நானும் உன் அப்பாவும் திருத்தங்கலுக்கு வருகிறோம். உன் பெண்டாட்டி பால் காய்ச்சட்டும், உன் அப்பா சாக்கைப் பிரிக்கட்டும். உன் அண்ணன் முதல் ஆர்டரை எங்கள் கையில் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். அதில் ஒரு தாளாவது அன்றைக்கே அடித்து, மை காய்ந்ததும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் சாத்தூருக்குப் போ. அவன் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி கிடக்கிறதே, அதில் மரக்கடைக்காரர் உட்கார்கிறார், தீக்குச்சி மருந்து விற்கிறவர் உட்கார்கிறார், ஆர்டர் பிடிக்க வருகிற யார் யாரோ உட்கார்கிறார்கள். இத்தனை வருஷத்தில் நீ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றே பேசுவாய். தாளை அவன் முன்னால் வை. அவன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான், ஏதாவது ஒரு குறை கண்டுபிடிப்பான், பிறகு உன்னை உட்காரச் சொல்வான். சொல்லாவிட்டாலும் உட்கார்.

உன் அம்மா